பன்னிரண்டு வாரச் சீட்டு

என் மனைவி மருந்துக்கடையில் மருந்தாளுநர். பக்கத்திலேயே என் ஜெராக்ஸ் கடை, அதனால் அவள் கண்டிப்பெல்லாம் எனக்கு அத்துப்படி. மருவுக்குப் போடும் திராவகத்தை மட்டும் கேட்டவுடன் தூக்கிக் கொடுக்க மாட்டாள். வாசல் வெளிச்சத்துக்கு வரச் சொல்லிப் பூதக்கண்ணாடியால் பார்ப்பாள். முகத்தில் இருந்தால் கிடையாது. மச்சம் என்றால் கிடையவே கிடையாது, நேரே டாக்டரிடம் துரத்துவாள். தப்பிப் பிழைத்தவர்களுக்குப் பன்னிரண்டு கட்டம் போட்ட சீட்டு ஒன்று. வாராவாரம் வந்து காட்டி டிக் வாங்க வேண்டும். "இது கடையா, பள்ளிக்கூடமா?" என்று நானே ஒருமுறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எதிர்ச் சலூனில் வேலை செய்யும் முடிதிருத்துபவர் ஒருநாள் சட்டைப்பையில் கையை ஒளித்தபடி வந்தார். வலது கை விரல் நுனிகளில் ஐந்து மரு. அந்தக் கை கன்னத்தில் படுமே என்று ஆட்கள் வேறு நாற்காலிக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். முதலாளி ஒரு வாரம் கெடு வைத்துவிட்டார். வீட்டில் இரண்டு பிள்ளைகள், வேறு தொழில் தெரியாது.

"ஒரு வாரத்துல போயிடுமாக்கா?"

"போகாது தம்பி. பன்னிரண்டு வாரமாவது வேணும்."

அவர் முகம் தொங்கிவிட்டது. என் மனைவி விறுவிறுவென்று தெருவைத் தாண்டிச் சலூன் முதலாளி முன் போய் நின்றாள்.

"அதுவரைக்கும் இவர் கத்தரி தொட வேண்டாம். கடையைப் பெருக்கட்டும். ஆளை மட்டும் அனுப்பிடாதீங்க."

"சரியாகலைன்னா?"

"அப்புறம் நான் இந்த மருந்தை யாருக்கும் விக்கிறதில்ல."

இவளுக்கு ஏன் இந்த வம்பு என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது வாரம் விரல்களில் கட்டோடு வந்து நின்றார் மனிதர். தினம் ஒரு தடவை போடச் சொன்ன மருந்தை, சீக்கிரம் போகட்டும் என்று மூன்று தடவை ஊற்றியிருக்கிறார். சுற்றியிருந்த நல்ல தோலும் வெந்து உரிந்திருந்தது. அவள் போட்ட சத்தத்தில் தலைவலி மாத்திரை வாங்க வந்தவர் வாங்காமலே திரும்பிவிட்டார். புண் ஆறும்வரை மருந்தை நிறுத்தினாள்.

பிறகு தினமும் சாயங்காலம் அவள் கண்முன்னால்தான் எல்லாம். வெந்நீரில் விரலை ஊற வைக்க வேண்டும், வெளுத்த தோலை உப்புத்தாளால் மெல்லத் தேய்க்க வேண்டும், நல்ல தோலில் படாதபடி மருவைச் சுற்றித் தீக்குச்சியால் வாஸ்லின் தடவ வேண்டும், நடுவில் மருந்து ஒரே ஒரு சொட்டு. வெந்நீர் சுமந்தது அடியேன்தான்.

பதினான்காவது வாரம் முதலாளியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். என் மனைவி ஒவ்வொரு விரலாகக் காட்டினாள். "மரு இருந்தா ரேகை ஒதுங்கிப் போகும். இப்ப பாருங்க, குறுக்கே நேரா ஓடுது."

முதலாளி ஐந்து இடத்தையும் பார்த்தார். சலூனுக்குத் திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்து, துண்டைத் தானே கட்டிக்கொண்டு மோவாயை உயர்த்தினார். "ம், ஷேவ் பண்ணு."

காத்திருந்தவர்கள் பேப்பரை மடித்துவிட்டுப் பார்த்தார்கள். முடிதிருத்துபவர் நுரை தடவி, கத்தியைக் கன்னத்தில் வைத்து ஒரே சீராக இழுத்தார். என் மனைவி அதைப் பார்க்கவில்லை. இருமல் மருந்து கேட்டு யாரோ வந்திருந்தார்கள், போய்விட்டாள். எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை. இவள் என் பெண்டாட்டி என்று தெருவுக்கே கேட்கக் கத்த வேண்டும்போல் இருந்தது.

முதலாளி எழுந்ததும் நான் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, காலையிலதான ஷேவ் பண்ணியிருக்கீங்க?"

"பரவாயில்ல தம்பி, இன்னொரு தடவை பண்ணு."