சூடம் கொளுத்துவதற்கு முன்

திருச்செங்கோட்டுப் பக்கம் கல்லுக்கா பஞ்சம்? அந்த ஊர்ப் பெண் தினமும் சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய்ப் பாறையைப் பற்றியே எம்.எஸ்சி. படித்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். என் வயதுப் பையன்கள் போர்வெல் ரிக் வண்டியில் ஏறி, வடக்கே போய்ச் சம்பாதித்து, மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். "கல்லை இங்கயே பொறுக்கிக்கலாமே சாமி, எதுக்கு அத்தன தூரம்?" என்பார் பெரியப்பா. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறுவேன். அப்பா மட்டும் கேலி செய்ததில்லை. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று மகள் ஒரு நாள் காட்டிவிடுவாள் என்று நம்பியிருந்தார்.

எங்கள் பக்கம் கிணற்றுப் பாசனம் இருந்தால்தான் தோட்டம். மழையை நம்பினால் அது வெறும் காடு. கிணறு வற்றிய பிறகு அப்பா போட்ட இரண்டு போரிலும் வெள்ளைப் புகையாகப் பாறைத்தூள்தான் பறந்தது. தோட்டக்காரராகவே வாழ்ந்த மனிதர் காட்டுக்காரராகிவிடுவோமோ என்று மருண்டுபோனார். மூன்றாவது போருக்காக, அடமானத்துக்குப் போகாமல் மிச்சமிருந்த மேட்டு நிலத்தையும் வைக்கத் துணிந்துவிட்டார். அதுவும் போனால் எங்களுக்கென்று ஒரு பிடி மண் இருக்காது.

தண்ணீர் பார்க்கும் தேங்காய்க்காரர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நிலமெல்லாம் நடந்தார். வேப்பமரத்துக்குக் கிழக்கே அது சட்டென்று எழுந்து நின்றது. அந்த இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார்கள். எனக்கும் மெய்சிலிர்க்கத்தான் செய்தது.

என்றாலும் நான் படிக்கும் துறையில் கேட்டு, நிலத்தடியை அளக்கும் கருவியை வாங்கி வந்தேன். இரும்புக் கம்பிகளை வரிசையாக மண்ணில் அடித்து மின்சாரம் செலுத்தினால், அடியில் இருக்கும் பாறை அதை எவ்வளவு தடுக்கிறது என்று தெரியும். விரிசலில் தண்ணீர் நின்றால் தடை குறையும். அம்மா வயரைப் பிடித்துக்கொள்ள, வெயிலில் நிலம் முழுக்க அளந்தேன். எங்கும் குறையவில்லை. எனக்கே ஆசை விடாமல், வட்டத்தின் மேல் மட்டும் இன்னொரு முறை அளந்தேன். கீழே ஒரே கட்டிப் பாறை.

சொன்னதும் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

"தண்ணி எங்க இருக்குதுன்னு சொல்லுவேன்னு படிக்க வெச்சேன். இல்லைன்னு சொல்றதுக்கா இத்தன வருசம் படிச்சே?"

அந்தக் கேள்வி இன்றும் எனக்கு வலிக்கிறது.

மறுநாள் காலையில் ரிக் வண்டி வந்து நின்றது. வட்டத்தின் நடுவே எலுமிச்சம்பழம், வாழைப்பழம், ஊதுபத்தி. சூடம் கொளுத்திவிட்டால், அப்புறம் துளை போடாமல் வண்டியைத் திருப்பக் கூடாது. குடும்பத்துக்கே ஆகாது என்பார்கள். அப்பா தீப்பெட்டியை எடுத்தார். நான் போய் வட்டத்துக்குள் நின்றுகொண்டேன்.

"தள்ளு சாமி" என்றார்.

"மாட்டேனுங்கப்பா. நெலத்தை வெச்சுத்தான் போடோணும்னா, மொதல்ல என்னைய இங்கிருந்து தூக்கோணும்."

ஊரே வேடிக்கை பார்த்தது. பெரியப்பா முன்னால் வந்தார். "ஒருவேள அடியில தண்ணி இருந்துட்டா?"

"இருக்கலாமுங்க பெரியப்பா. ஆனா மிச்சமிருக்கற ஒரே நெலத்தை வெக்கற அளவுக்கு நம்பிக்கை இல்லீங்க."

அங்கிருந்து நகர மாட்டேன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அளந்து பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதற்கும், தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கும்தான் அத்தனை வருடம் பஸ் ஏறியிருந்தேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தீப்பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ரிக் டிரைவரிடம் பேசப் போனார்.

போர் போடாததால், நான் சொன்னது சரியா என்று யாருக்கும் தெரியாது. எனக்கும்தான். தோட்டம் காடாகவே ஆனது. சோளம் விதைக்கிறோம், ஆடு வளர்க்கிறோம். மேட்டு நிலம் எங்களிடமே இருக்கிறது. மழை பொய்க்கும்போதெல்லாம் அப்பா "போட்டிருந்தா வந்திருக்கும்" என்று முணுமுணுப்பார்.

இப்போது அதே துறையில் ஆராய்ச்சி செய்கிறேன். போன வாரம் அப்பா ஃபோன் செய்தார்.

"உன்ற பெரியப்பா போர் போடறாராம் சாமி. தேங்காய் பாத்து வட்டம் போட்டாச்சு, சூடமும் வாங்கியாச்சு. நீ மிஷினை எடுத்துக்கிட்டு காத்தால மொத பஸ்ஸுக்கு வந்துரு. நீ வர்ற வரைக்கும் தீப்பெட்டி என்றகிட்டத்தான் இருக்கும்."