ஏழு முறை போயும் பார்க்காத மாமல்லபுரம்

மாமல்லபுரத்துக்கு ஏழு முறை போயிருக்கிறேன், ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. சொன்னால் சிரிப்பார்கள். விடுதியில் படித்தவர்கள் மட்டும் சிரிக்க மாட்டார்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து செங்கல்பட்டில் விடுதிப் பள்ளி. அச்சரப்பாக்கத்தில் கூலி வேலைக்குப் போன அப்பாவும் அம்மாவும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்னைச் சேர்த்தார்கள். மாதத்தில் மூன்றாவது ஞாயிறு, பெற்றோர் வந்து பார்க்கும் நாள். ஆண்டுக்கு ஒரு தடவை வெளியே கூட்டிப்போகலாம். மாமல்லபுரம் போவோம். ஐந்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால் நான் அங்கே பார்த்ததெல்லாம் அப்பாவின் கைக்கடிகாரத்தைத்தான்.

நாற்பத்திரண்டு வயதாகியும் அந்தப் புத்தி போகவில்லை. அப்பா காலமான பிறகு அம்மா அச்சரப்பாக்கத்தில் தனியாக இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எனக்கு இருப்புக் கொள்ளாது. போன மாதம் கேட்டேவிட்டாள்: "ஏன்டா, உக்கார்ற எடத்துல இன்னா முள்ளா கீது?" சுருக்கென்றது. அம்மாவோடு ஒரு முழு நாளாவது இருந்து காட்ட வேண்டும் என்றுதான் இந்தப் பயணம், கிளம்பும் நேரம் குறிக்காமல்.

ஞாயிறு காலை 7.10க்குத் தாம்பரத்தில் மின்சார ரயில். பத்து ரூபாய் டிக்கெட். எட்டு மணிக்குச் செங்கல்பட்டு. அம்மா எனக்கு முன்பே வந்து பேருந்து நிலையத்தில் நின்றிருந்தாள். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். ஏறி உட்கார்ந்ததும் வாய் சும்மா இருந்ததா? "திரும்பி வர கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று நடத்துனரைக் கேட்டுவிட்டேன்.

"இன்னா அண்ணாத்த, இன்னும் போய் எறங்கவேயில்ல, அதுக்குள்ள திரும்பணுமா?" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அர்ச்சுனன் தபசின் முன்னால் போய் நின்றேன். அம்மாடி! ஒரு குன்றின் முகம் முழுக்க தேவர்களும் முனிவர்களும் மிருகங்களுமாகத் திரண்டு வருகிறார்கள். யானை நிஜ யானை அளவு, அதன் காலடியில் குட்டிகள். மூக்கைச் சொறிகிற மான்வரை ஒன்றையும் விடவில்லை. இதன் எதிரே ஏழு தடவை நின்றிருக்கிறேன், கண்ணில் பட்டதேயில்லை. மயிர்க்கூச்செறிந்தது, வெட்கமாகவும் இருந்தது.

பக்கத்து மண்டபத்தில் பால் கறக்கும் சிற்பத்தை விட்டு அம்மா நகரவில்லை. "கன்னுக்குட்டிய நக்கிகினே பால் குடுக்குது பாரு," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ ஒரு வாட்டி திரும்பிப் பாத்துகிறியாடா? ஆஸ்டல் கேட்டுக்குள்ள போனா போனதுதான். புள்ளைக்குக் கல்லு மனசுன்னு உங்கப்பா அழுவாரு."

அது விடுதிப் பையன்களின் சட்டம். வாசலைத் தாண்டிய பிறகு எவன் திரும்பிப் பார்க்கிறானோ, அவனைப் பார்க்க அடுத்த மாதம் யாரும் வர மாட்டார்கள். என் வகுப்பில் ஒருவன் திரும்பினான். அடுத்த மாதம் அவன் அம்மா வரவில்லை. காய்ச்சலாம். அதைக் கண்ட பிறகு எனக்கு எங்கிருந்து தைரியம் வரும்?

"நீ வரணும்னுதாம்மா திரும்பல," என்றேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத சொல்ல முப்பது வருசமாடா உனக்கு?"

கல்லில் யானையைக் கொண்டுவந்தவர்களைவிட எனக்கு இவள்தான் பெரிய அதிசயமாகத் தெரிந்தாள். கல் மனசு என்று நினைத்த பிள்ளையைப் பார்க்க ஒரு மூன்றாவது ஞாயிறுகூடத் தவறாமல் வந்திருக்கிறாள். அன்று கடற்கரையில் உட்கார்ந்து மத்தியானம் முழுக்கப் பேசினோம். மணி என்ன என்று நான் கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு: தபசுப் பாறைக்குக் கட்டணமில்லை. ஐந்து ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், நாற்பது ரூபாய். பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும், குடையும் தண்ணீரும் அவசியம். விடுதியில் படித்த யாரையாவது கூட்டிப்போனால் திரும்பும் நேரத்தை மட்டும் சொல்லாதீர்கள், அப்புறம் அவர் எதையும் பார்க்க மாட்டார்.

செங்கல்பட்டில் அம்மாவை அச்சரப்பாக்கம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோர சீட். பஸ் நகர, கையை ஆட்டிக்கொண்டே கூட நடந்தேன். "அம்மா!" என்று கூப்பிட்டும் பார்த்தேன். அவள் நேராகப் பார்த்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பஸ் ஜி.எஸ்.டி. சாலையில் மறைகிறவரை ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அடுத்த மாதம் மூன்றாவது ஞாயிறு என்ன தேதி என்று அங்கேயே நின்று பார்த்துக்கொண்டேன்.