மாமி சொன்ன நாலாம் சுத்து

பேய், அற்புதம் எண்டு ஆரும் கதைச்சால் எழும்பிப் போற ஆள் நான். அதை முதல்லையே சொல்லிப்போடுறன், பிறகு இவவுக்கு வயசு போய் மூளை பிசகிப் போச்செண்டு நீங்கள் நினைக்கப்படாது.

தொண்ணூறாம் ஆண்டு தாண்டின சண்டைக் காலம். என்ரை மகள் சுபாவுக்கு அப்ப அஞ்சு வயசு, நெருப்புக்காய்ச்சல் வந்து கிடந்தாள், நாங்கள் கைவிட்டிட்டம். பக்கத்து வீட்டு றீற்றா அக்காதான் தங்கடை மாதாவுக்கு நேர்த்தி வைச்சவ, பிள்ளை எழும்பினால் தாய் தேப்பன் கூட்டிக்கொண்டு வந்து மெழுகுதிரி கொளுத்துவினமெண்டு. பிள்ளை எழும்பீட்டாள். மெழுகுதிரிதான் இல்லை, யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரவிடாத தடைக் காலமெல்லே, ஒரு திரி தேடிப் பிடிக்கவே ரெண்டு மாதம் போச்சுது.

ஒரு காலமை மானிப்பாயிலையிருந்து சைக்கிளிலை போனம், இவர் மிதிக்க, சுபா முன் பாரிலை, நான் கரியரிலை. போர்த்துக்கேயர் காலத்துக் கோயில், பூசை இல்லாத நாள், ஒரு சனமும் இல்லை. நாங்கள் சைவக்காரர், வேதக்கோயிலிலை என்ன முறையெண்டு தெரியாது, செருப்பைக் கழட்டிப்போட்டு முழிச்சுக்கொண்டு நிண்டம். கதவடியிலை ஒரு அம்மா, வெள்ளைச் சீலை, தலையிலை முக்காடு.

"மூண்டு தரம் சுத்திப்போட்டு உள்ளுக்கு வாங்கோ" எண்டா.

அட, எங்கடை கோயில் மாதிரித்தானே எண்டு எனக்குச் சந்தோசம். சுடுமணலிலை மூண்டு தரம் சுத்தினம். முடிஞ்சு இவர் படியிலை கால் வைக்க, சுபா வேட்டியைப் பிடிச்சு இழுத்தாள்.

"அப்பா, இன்னுமொண்டாம். மாமி சொல்லுறா."

நான் கதவடியைப் பாத்தன், அந்த அம்மாவைக் காணேல்லை. இவர் என்னிலை பாய்ஞ்சார், "மூண்டும் சரியா எண்ணினனான், உவள் விளையாடுறாள்."

"செத்துப் பிழைச்ச பிள்ளை கேக்குது, ஒரு சுத்திலை என்ன குறைஞ்சு போகப்போறியள், வாங்கோ" எண்டு இழுத்துக்கொண்டு போனன்.

பின்பக்கம் திரும்பேக்கை ஒரு சத்தம், நிலம் அதிர்ந்தது. ஓடி வந்து பாத்தால், கறையான் திண்ட கூரை முகட்டு வளை மரம் ஓட்டோடை சேர்ந்து கீழை கிடக்கு, மாதாவின்ரை சுருவத்துக்கு, அதுதான் சிலைக்கு, முன்னாலை, சரியா மெழுகுதிரி கொளுத்துற இடத்திலை. சுருவத்திலை ஒரு கீறல் இல்லை.

கோயில் பாக்கிற ஐயா பக்கத்து வளவிலையிருந்து ஓடி வந்தார். நடந்ததைச் சொல்ல, என்னை ஒரு மாதிரிப் பாத்தார்.

"பிள்ளை, நாங்கள் இஞ்சை கோயிலைச் சுத்துறேல்லை. உங்களை ஆர் சுத்தச் சொன்னது? காலமை கதவு திறந்ததிலையிருந்து ஒரு பொம்பிளையும் வரேல்லையே."

நம்பினால் நம்புங்கோ. "உள்ளுக்குப் போகாதேங்கோ, வளை விழப்போகுது" எண்டு அவ சொல்லியிருந்தால், இவர் வீம்புக்கெண்டே உள்ளுக்குப் போய் அண்ணாந்து பாத்திருப்பார், எனக்குத் தெரியாத மனுசனே! எங்கடை முறையிலை, எங்களுக்கு விளங்கிற மாதிரியெல்லே சொன்னவ. வாசற்படியிலையே திரியைக் கொளுத்திப்போட்டு நான் வாய்விட்டு அழுதன். சுபாவுக்கு இப்ப ரெண்டு பிள்ளையள், அதுகளைப் பாக்கிற நேரமெல்லாம் அவவுக்கு நன்றி சொல்லுறன்.

ஒண்டுதான் மனசை விட்டுப் போகுதில்லை. மாமி எங்கை நிண்டு சொன்னவ எண்டு அண்டைக்கே சுபாவைக் கேட்டனான். அவள் உள்ளுக்குக் கிடந்த ஓட்டுக் குவியலைக் காட்டினாள், அதுக்குக் கீழையாம். இவரும் அந்த ஐயாவும் ஒவ்வொரு ஓடாய்க் கிளப்பிப் பாத்தினம். ஒருத்தரும் இல்லை, நானும் கண்ணாலை கண்டனான். எண்டாலும் அவவுக்கு நொந்திருக்குமோ எண்டு இண்டைக்கும் எனக்கு நெஞ்சு பதறுது.