டப்பாவில் கிடந்த பத்து மாத்திரைகள்

என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஏழு மாதம் ஆகியிருந்தபோது எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பூச்சாட்டித் திருவிழாவைத் தொடங்கினார்கள். அடுத்த வாரம் புதன்கிழமை அவர் கன்னத்தில் அலகு குத்திக்கொள்ள வேண்டும். அது அவர் நேர்ந்துகொண்டதல்ல. நான் நேர்ந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியபோது, வெளியே நின்ற நான், "ஆத்தா, இவர முழுசா வெளிய அனுப்பீரு. வர்ற நோம்பிக்கு இவரே வந்து உனக்கு அலகு குத்துவாரு" என்று சொல்லிவிட்டேன். அந்த அவசரத்தில் அவருடைய கன்னத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். என்னுடையதைக் கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை.

நாமக்கல் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னக் கோழிப்பண்ணை இருக்கிறது. கோழிக்கு மருந்து கொடுக்கும் நாளை அவர் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. காய்ச்சலோடு எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டியில் மருந்து கலந்திருக்கிறார். தன் மாத்திரை என்றால் மட்டும் நான் பின்னாலேயே நடக்க வேண்டும். காலையில் சாப்பிட்டதும் வெள்ளையில் ஒன்று, இளஞ்சிவப்பில் ஒன்று. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னதில் எனக்கு ஆணி அடித்ததுபோல் நின்றது ஒன்றுதான். எங்களைக் கேட்காமல் இந்த இரண்டையும் ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது.

"மாத்திர போட்டீங்களா?"

"ஆச்சு, ஆச்சு."

ஏழு மாதமாக எங்கள் வீட்டில் பொழுது விடிவது இப்படித்தான்.

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு ஒரு சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காது. கூண்டுக் கம்பி கிழித்தால் முன்பெல்லாம் வேட்டியில் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவர், இப்போது துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. முழங்கையில் எங்கே இடித்தோம் என்றே தெரியாமல் நீலம் பாரிக்கும். "என்ற ரத்தம் தண்ணியாப் போச்சு புள்ள" என்பார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அலகு குத்துவதில் எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. விரதம் சுத்தமாக இருந்தால் சொட்டு ரத்தம் வராது. வந்துவிட்டால் கூட்டத்தில் யாராவது ஒருவர் நிச்சயம் வாயைத் திறப்பார்கள். என்ன குறையோ, அந்த ஊட்டுல என்ன தீட்டோ என்று ஆரம்பித்து ஒரு வருஷத்துக்குப் பேசுவார்கள். கல்யாணத்துக்கு முன்பு இவர் மூன்று முறை குத்தியவர். ஒருமுறைகூட ரத்தம் வந்ததில்லை என்பதில் அவருக்கு இன்றைக்கும் பெருமை.

வியாழக்கிழமை பூசாரி அவர் கையில் மஞ்சள் கயிற்றைக் காப்பாகக் கட்டினார். மஞ்சள் வேட்டி, வெறும் கால், காலையில் பழமும் பாலும். நானும் சேர்ந்தே விரதம் இருந்தேன். தினமும் கேட்டேன், அவரும் தினமும் ஆச்சு என்றார். மாத்திரை அட்டையைப் பார்த்தால் அன்றன்றைய குழி காலியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை. முட்டை வியாபாரியின் வண்டி வந்து நின்று, தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கோழிக்கு வைட்டமின் கலக்கலாம் என்று கிடங்கு அறைக்குப் போனேன். பலகையின் கோடியில் தீர்ந்துபோன பழைய டப்பா ஒன்று இருந்தது. அதை எடுத்து ஓரமாக வைக்கப் போனேன். உள்ளே கடகடவென்று உருண்டது. திறந்து உள்ளங்கையில் கொட்டினேன். வெள்ளையில் ஐந்து, இளஞ்சிவப்பில் ஐந்து.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். ஐந்து நாள். டப்பாவும் மாத்திரையுமாக வெளியே ஓடினேன். பயத்திலா கோபத்திலா என்று கேட்டால் இரண்டிலும்தான்.

"என்னங்க இது?" என்று அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டினேன். வண்டி டிரைவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

இவர் கையிலிருந்த முட்டைத் தட்டை இறக்கி வைத்தார். பிறகு, "பல்லுப் புடுங்கறதுக்கு அஞ்சு நாளைக்கு முன்னால ரத்த மாத்திரைய நிறுத்தச் சொல்றாங்களாமா. டீக்கடையில சொன்னாங்க. புதங்கெழம முடிஞ்சா மறுபடி போட்டுக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

"டீக்கடையில சொன்னாங்களா? உங்க நெஞ்சுல கம்பி வெச்சது டீக்கடைக்காரனுங்களா?"

"அலகு குத்தி ரத்தம் கொட்டுனா ஊர்ல என்ன பேசுவாங்க, தெரியாதா உனக்கு?"

"பேசிட்டுப் போறாங்க. உசுரு போனா அவங்க கொண்டாந்து குடுப்பாங்களா?"

"நேந்தது நீதானே?" என்றார் சத்தமாக. "என்னையக் கேட்டா நேந்தே?"

அவர் கோபமாகத் திரும்பி, ஆறேழு தட்டுகளை ஒன்றாக அடுக்கித் தூக்கினார். வண்டிவரைக்கும் போகவில்லை. பாதியில் தட்டுகளைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். இடது கையால் நெஞ்சைப் பிடித்திருந்தார். நெற்றி முழுக்க வேர்வை. ஏழு மாதத்துக்கு முன்பும் இதே மாதிரிதான் உட்கார்ந்தார்.

டிரைவர் தம்பி ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஏறுங்கக்கா" என்று சொல்லி அவரைத் தூக்கி முன்னால் உட்காரவைத்தார். நான் அவர்மேல் பாதி சாய்ந்தபடி ஏறிக்கொண்டேன். பின்னால் பாதி ஏற்றிய முட்டைத் தட்டுகள். வேகத்தடை வரும்போதெல்லாம் பின்னால் நொறுங்கும் சத்தம் கேட்டது. ஒருமுறைகூட அந்தத் தம்பி வேகத்தைக் குறைக்கவில்லை.

இவர் அந்த நிலையிலும், "காப்புக் கட்டீட்டு ஊர் எல்ல தாண்டக் கூடாது புள்ள" என்றார். மாத்திரைகளைத் திரும்ப அள்ளிப்போட்ட அந்த டப்பாவைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன். ஆத்தா, நான் சொன்ன வார்த்தையே இவரைக் கொண்டுபோய்விடுமா என்ற ஒரே நினைப்புதான். அழுகைகூட வரவில்லை.

நாமக்கல்லில் முதலில் கண்ணில் பட்ட இதய ஆஸ்பத்திரியில் இறக்கினோம். இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். டப்பாவை டாக்டரிடம் கொடுத்தேன். சின்ன வயசுப் பெண். திறந்து பார்த்ததும் அவர் முகம் மாறியது. "ரெண்டுமேவா?" என்று மட்டும் கேட்டார். எவ்வளவு மாத்திரை கொடுக்க வேண்டும் என்று அவர்களே முடிவுசெய்து, அங்கேயே விழுங்க வைத்தார்கள். இசிஜி பழையபடிதான் இருக்கிறது, ஆனால் சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள்.

அந்தச் சில மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். செவிலியர் யாராவது வேகமாக நடந்தால் எழுந்தேன், அவர் வேறு அறைக்குப் போனதும் உட்கார்ந்தேன். சாமிகூடக் கும்பிடவில்லை. வாயைத் திறந்தால் இன்னும் எதையாவது நேர்ந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

பிற்பகலில் டாக்டர் வந்து, இரண்டாவது பரிசோதனையும் சரியாக இருக்கிறது, மாரடைப்பு இல்லை என்றார். அரை வயிறு, கோபம், பாரம் தூக்கியது எல்லாம் சேர்ந்திருக்கலாம். "ஆனா இன்னைக்குத் தப்பிச்சீங்கன்னுதான் சொல்லுவேன்" என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வந்தது நிற்கவில்லை.

இவர் படுத்தபடியே கேட்டார். "ரத்தம் இளகறதுக்குத்தானுங்களே இந்த மாத்திர? நாலு நாள் கெட்டியா இருந்தா என்னங்க ஆகும்?"

"ரத்தம் இளகாதுங்க. அது எப்பவும் போலத்தான் இருக்கும்" என்றார் டாக்டர். "ரத்தத்துல தட்டணுக்கள்னு சின்னச் சின்னதா இருக்கும். எங்கயாவது வெட்டுப்பட்டா ஓடிவந்து ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டி அடைச்சிரும். அது நல்லதுதான். ஆனா உங்க ரத்தக்குழாய்க்குள்ள இருக்கிற கம்பியையும் அது காயம்னு நினைச்சிரும். அங்க போய் ஒட்டிக்கிட்டா குழாயே அடைஞ்சிரும். அப்படி ஒட்டாம பாத்துக்கத்தான் இந்த ரெண்டு மாத்திரையும். மூளைக்குப் போற குழாயில அடைச்சா பக்கவாதம்."

இவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "குஞ்சு மூலையில அடையற மாதிரிங்களா?" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. புதிதாக இறக்கிய குஞ்சுகள் குளிருக்கோ பயத்துக்கோ ஒரு மூலையைக் கண்டால் அங்கே போய்க் குவியும். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் கிடப்பது மூச்சுமுட்டிச் செத்துவிடும். அதனால் மூலையே இல்லாதபடி வட்டமாகத் தகரம் கட்டிவைப்போம். ஒருமுறை தகரம் சாய்ந்து கிடந்ததைக் கவனிக்காமல், காலையில் இவர் வாரிக் கொட்டியது ஒரு கூடை நிறைய.

அதை அவரே டாக்டரிடம் சொன்னார். சொல்லி முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. "தகரத்த நானே புடுங்கிப் போட்டுட்டனுங்க" என்றார்.

டாக்டர் மாத்திரைச் சீட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, பல் பிடுங்குவதோ ஆபரேஷனோ எது வந்தாலும் முதலில் இதயம் பார்க்கும் டாக்டரைக் கேட்க வேண்டும், ஒருநாள் மறந்தால் மறுநாள் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது, மலம் கறுப்பாகப் போனாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே வர வேண்டும், வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது என்றார். கடைசியாக அந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். "இது எதுக்கு?" என்றார். அலகு குத்துவதைப் பற்றி நான் சொன்னேன். "கூடவே கூடாது" என்றார்.

பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பினோம். கோயில் பக்கம் வந்ததும் இவர், "அப்ப அந்த வார்த்த?" என்றார். ஒரு குழந்தையைப்போல் கேட்டார்.

"வார்த்த குடுத்த வாய் இங்கதானுங்களே இருக்குது" என்றேன்.

இவருக்குப் பதில் நான் குத்திக்கொள்கிறேன் என்றதும் பூசாரி முதலில் தயங்கினார். இவரே நடந்ததைச் சொன்னார். பூசாரி என்னைப் பார்த்து, "நீயும் வெரதந்தானே அம்மிணி?" என்றார். "அஞ்சு நாளா இருக்கறனுங்க" என்றேன். இவர் கையிலிருந்த காப்பை அவிழ்த்து அம்மன் காலடியில் வைத்துவிட்டு, எனக்குப் புதிதாக ஒன்று கட்டினார். மறுநாள் சுகாதார நிலையத்துக்குப் போய் டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். ஆணி குத்திடுச்சா என்று நர்ஸ் கேட்டார். நாளைக்குக் குத்தும் என்றேன்.

ஐம்பது வயசுக்கு மேல் முதல்முறை. பயமாக இல்லை என்று சொன்னால் அது பொய். உடுக்கை அடித்தார்கள், திருநீற்றைக் கன்னத்தில் அப்பினார்கள், புது வேல். குத்திய நொடியில் காது அடைத்துக்கொண்டது. அதன்பின் தாடையில் சூடாக ஏதோ வழிந்தது. திருநீறு சிவந்துபோய் என் மஞ்சள் சேலையில் விழுந்தது.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "ஐயோ, ரத்தம் வருது பாரு. வெரதத்துல என்னமோ குறைங்க" என்றது.

என் பக்கத்தில் நின்ற இவர் திரும்பினார். ஊருக்குப் பயந்து ஐந்து நாள் உயிரைப் பணயம் வைத்த மனுஷன். "உசுரோட இருக்கறவளுக்கு ரத்தம் வருமுங்க" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "குறையெல்லாம் என்ற பக்கம். அவ பக்கம் ஒண்ணுமில்ல." அப்புறம் தன் துண்டால் என் தாடையைத் துடைத்துவிட்டார். முப்பது வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் என்னைத் தொட்டது அன்றுதான்.

மறுநாள் கன்னம் வீங்கி எனக்கு வாயே திறக்கவில்லை. அவருக்கு இட்லி வைத்தேன். சாப்பிட்டு முடித்தார். நான் கேட்கும் நேரம் வந்தது. கேட்க முடியவில்லை. அவரே எழுந்துபோய் அட்டையை எடுத்துவந்து, என் எதிரே நின்று, வெள்ளையில் ஒன்றும் இளஞ்சிவப்பில் ஒன்றும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

நான் சிரித்துவிட்டேன். கன்னம் உயிர் போகிறமாதிரி வலித்தது.