எஸ்தரக்கா வரப்பில் நட்ட வேப்பங்கொத்து

செவிலிமேட்டில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது எஸ்தரக்காவின் மருமகள் போன் செய்தாள். "அத்த போயிட்டாங்கமா" என்றாள். "எங்க போனாங்க?" என்று கேட்டுவிட்டேன். ஒரு நாளும் வீடு தங்காமல் ஏதாவது ஓர் ஊருக்குப் போய்க்கொண்டே இருந்தவரைப் பற்றி எனக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றியது. காலையில் கஞ்சி குடித்தவர் நெஞ்சு அடைக்கிறது என்று படுத்திருக்கிறார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாகறலைச் சுற்றியுள்ள ஊர்களில் நாற்று நட்டும் களை எடுத்தும் காய் பறித்தும் பிழைக்கும் பெண்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதை உண்டாக்கியவர் எஸ்தர் அம்மாள். சொந்த நிலம் என்று ஒரு சாண்கூட இல்லாத குடும்பத்தில் பிறந்து, கடைசிவரை அப்படியே இருந்து போய்ச் சேர்ந்தவர். நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சங்கத்தில் எழுதும் வேலை என்னுடையது, சத்தம் போடும் வேலை அவருடையது. தேவாலயப் பாட்டுக் குழுவில் அவரைக் கடைசி வரிசையில்கூடச் சேர்க்கவில்லை. "கர்த்தருக்கே காது வலிக்குமாம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சங்கம் பிறந்தது ஒரு கத்தரித் தோட்டத்தில். காய் பறிக்கப் போன எஸ்தரக்கா கண் வீங்கி, வாந்தி எடுத்து, வரப்பிலேயே விழுந்துவிட்டார். முந்தின நாள் மாலைதான் பூச்சிமருந்து அடித்திருந்தார்கள். கூலிக்கு வரும் பெண்களிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உடம்பு தேறி வந்ததும் தெருப் பெண்களை எல்லாம் கூட்டினார். "மருந்து அடிச்ச வயல்ல மாட்ட மேய வுடமாட்டாங்க. நம்மள மட்டும் வுடுவாங்க. மாட்டுக்கு இருக்குற மரியாதகூட நமக்கு இல்லியாமா?" என்றார். அன்று கூடியவர்கள்தான் பிறகு சங்கம் ஆனார்கள்.

மருந்து அடித்த வயலின் வரப்பில் ஒரு வேப்பங்கொத்தை நட்டு வைக்க வேண்டும், அது வாடி உதிரும் வரை யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்பது அவர் கண்டுபிடித்த வழி. எழுதி வைத்த பலகை எங்கள் பெண்களில் பாதிப்பேருக்குப் பயன்படாது. "அம்மை போட்ட வூட்டு வாசல்ல வேப்பில இருந்தா எவளாவது உள்ள போவாளா? அதே கணக்குதான்" என்றார். விளக்கமே தேவைப்படவில்லை. நிலக்காரர்கள் முதலில் முனகினார்கள். பெண்கள் ஒருவர்கூட வேலைக்கு வராமல் நின்றதும் வழிக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் மருந்தால் விழவில்லை. எங்களுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அப்புறம்தான் நடவுக்கு வடக்கிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வங்காளம், ஒடிசா என்று ஆளுக்கு ஓர் ஊர். எங்கள் தெருவுக்கு எல்லாருமே "இந்திக்காரங்க". ஏஜெண்ட் ஒருவர் மொத்தமாகக் கூட்டி வந்து மோட்டார் கொட்டகையில் தங்க வைப்பார். குறைந்த கூலிக்கு வேகமாக நட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் பெண்களுக்கு வேலை பாதியாகக் குறைந்தது. அந்த வயிற்றெரிச்சலை நான் குறை சொல்லமாட்டேன்.

ஒருநாள் மருந்து அடித்த வயலில் நிலக்காரர் முறைப்படி வேப்பங்கொத்து நட்டிருந்தார். விடியற்காலையில் களை எடுக்க வந்த வடக்கத்திய ஆட்கள் அதைப் பார்த்தார்கள். அவர்கள் ஊரில் வேப்பங்குச்சி என்றால் பல் துலக்கத்தான். யாரோ அக்கறையாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து ஆளுக்கு ஒரு குச்சி ஒடித்துப் பல் துலக்கிவிட்டு, வயலில் இறங்கிவிட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் நிமாய் என்ற ஆள் நுரை தள்ளிச் சேற்றில் விழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நிமாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எஸ்தரக்காதான். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. ஆனாலும் பேசிக்கொண்டே இருந்தார். நிமாய் பிழைத்துக்கொண்டார். ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. நாற்றுமுடி பிடிக்க முடியாத அந்தக் கையோடு ஊருக்கு ரயில் ஏறினார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

"வேப்பிலையப் பாத்தா நமக்கு அம்ம ஞாபகம் வருது. அவனுக்குப் பல்லு ஞாபகம் வருது. நமக்குள்ளயே பேசிக்கினு, எல்லாருக்கும் சொல்லிட்டோம்னு நெனச்சிக்கினு இருந்துட்டோம்" என்றார் எஸ்தரக்கா. அன்று முதல் சாயங்காலங்களில் மோட்டார் கொட்டகைக்குப் போய், எந்த வயலில் மருந்து அடித்திருக்கிறது என்று கையாலும் வாயாலும் சொல்லிவிட்டு வருவார். அதோடு நிற்கவில்லை. அவர்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்றார். சங்கம் அங்கேதான் உடைந்தது.

எதிர்த்து எழுந்தவள் வள்ளி. சிறு வயதிலிருந்தே எஸ்தரக்காவோடு ஒரே வரிசையில் நின்று நட்டவள், அவருக்கு உடன்பிறவாத தங்கை. "நம்ம வேலைய எடுத்துக்கினாங்க இல்ல, மருந்தையும் சேத்து எடுத்துக்கட்டும்" என்றாள். எஸ்தரக்கா அவளைப் பார்த்து, "வேலைய எடுத்தது அவங்க இல்ல வள்ளி. நம்மள ஒரு பக்கமும் அவங்கள ஒரு பக்கமும் நிக்க வெச்சி, எவன் கொறச்சி கேக்குறான்னு பாக்குறாங்களே, அவங்கதான் எடுத்தாங்க. சேந்து நின்னா கூலி ஒண்ணு" என்றார். வள்ளி எழுந்து போனாள். பாதிப் பெண்கள் அவள் பின்னால் போய்விட்டார்கள்.

அந்தப் பாதி திரும்பி வரவே இல்லை. நான்கூட எஸ்தரக்காவிடம் கொஞ்சம் விட்டுப்பிடிக்கச் சொன்னேன். "எத வுடணும்ன்ற, அந்த நிமாய் கையையா?" என்று கேட்டார். கடைசி மாதங்களில் அவர் குரல் இறங்கிப்போயிற்று. வள்ளி வீட்டைக் கடக்கும்போது மட்டும் வேண்டுமென்றே சத்தமாகப் பேசுவார். அந்த வீட்டிலிருந்து யாரும் எட்டிப் பார்த்ததில்லை. எனக்கு அதை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

அடக்கத்தன்று எங்கள் தெரு இளைஞர்களில் பலர் கம்பெனி ஷிப்டில் இருந்தார்கள். பெட்டிக்குத் தோள் போதவில்லை. கொட்டகை ஆட்கள் நடவை அப்படியே விட்டுவிட்டு, முழங்கால் சேற்றோடு வந்து தெரு முனையில் ஒதுங்கி நின்றிருந்தார்கள். எஸ்தரக்காவின் மகன் போய் அவர்களை அழைத்து வந்தார். ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படித்தான் அவர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்.

வள்ளி வந்திருந்தாள். அழவில்லை. குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இனிமே அவங்ககிட்ட யாரு பேசுவா?" என்றாள். கொட்டகை ஆட்களைத்தான் சொன்னாள். குத்தலா, கவலையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கல்லறைத் தோட்டத்து வாசலில் இருந்த அடிபம்பில் எல்லாரும் கை கழுவினார்கள். வள்ளி பம்பு அடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பெண்கள் கழுவி முடித்ததும் அந்த ஆட்கள் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார்கள். வள்ளி அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பம்பின் பிடியையும் விடவில்லை. கடைசி ஆள் கை கழுவி முடிக்கும் வரை அடித்துக்கொண்டே இருந்தாள்.

நான் கண்டது இவ்வளவுதான் எஸ்தரக்கா. இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு எப்போதும் போல் பாய் விரித்து வைக்கிறேன். நீங்கள் போய் வாருங்கள்.