எனக்கு ஏறாத சாராயம்

அப்பாவைச் சாராயம் கொண்டுபோனபோது எனக்குப் பத்தொன்பது வயது. செத்தவீட்டுக்கு வந்த ஒருவர், "தகப்பன்ர ரத்தம், இவனுக்கும் வரும்" என்று என் காதுபடவே சொன்னார். எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. கோபம் அடங்கியதும் ஆராய்ச்சி ஆசை பிடித்துக்கொண்டது. ரத்தத்தில் வருமென்றால், என் ரத்தத்தில் அது இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்போது நான் துறைமுகத்தில் எழுதுவினைஞன். திரியாயிலிருந்து சண்டையால் இடம்பெயர்ந்து வந்த ஒருவன் என்னோடு வேலை செய்தான். அவன் பரம்பரையில் ஒருவரும் குடித்ததில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஆள் எங்கே கிடைப்பான்? பிரச்சினை என்று வேலையை நிறுத்தும் நாட்களில் பகல் முழுக்க எங்களுக்குச் சும்மாதான் கிடந்தது. அவனுடைய வாடகை அறையில் ஒரு போத்தல் சாராயமும் ஒரு பெட்டி சிகரெட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மூன்றாவது கிளாசில் அவன் கதிரையிலிருந்து வழுக்கி விழுந்து, குடித்ததெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தான். எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. திரும்பும் வழியில், ஆட்களை மறித்துச் சோதிக்கும் சென்றியில் நேராக நடந்துபோய் அடையாள அட்டையை நீட்டினேன். ஆமிக்காரன் ஒரு சொல்லும் கேட்காமல் விட்டான்.

இப்படி நாலு தடவை பார்த்தோம். நாலிலும் விழுந்தவன் அவன்தான். அப்பாவின் ரத்தம் எனக்கு இல்லை என்று முடிவுகட்டிவிட்டேன். சந்தோசம் பொறுக்காமல், ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த அக்காவிடம் போய்க் குசினிக்குள் வைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். ஏச்சு விழும் என்றுதான் நினைத்தேன். அவள் ஏசவில்லை.

"உன்ர சிநேகிதன் அதுக்குப் பிறகு தானா வாங்கிக் குடிச்சவனோ?"

"இல்லை, அவனுக்கு ஏலாது. மணமே பிடிக்காதாம்."

"நீ?"

"சும்மா எப்பவாவதுதான். சிகரெட் பத்தவைச்சா ஒரு வாய் குடிக்கச் சொல்லும், அவ்வளவுதான்."

அக்கா அடுப்பைக் குறைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பாவுக்கும் ஏறாது, தெரியுமோ? தனக்கு ஏறாது எண்டு பெருமையாச் சொல்லித்தான் குடிச்சவர். கையில சுருட்டும் இருக்கும். ஏறினவன் சத்தி எடுத்துப் படுத்திடுவான், அதோட விட்டிடுவான். ஏறாதவனுக்குத்தான்டா நிப்பாட்டத் தெரியாது. ஆஸ்பத்திரி வாட்டில நான் பாக்கிற ஆக்களில கனபேர் இப்பிடித்தான் துவங்கினவை."

எனக்குப் பயம் வந்தது. செத்தவீட்டில்கூட அப்படிப் பயந்ததில்லை. சிகரெட் பெட்டியை அவளிடமே கொடுத்துவிடலாம் என்று சட்டைப்பையிலிருந்து எடுத்தேன். கொடுக்கவில்லை. பின்வளவுக்குப் போய் ஒன்றைப் பற்றவைத்தேன். இரண்டு இழுவைதான் இழுத்திருப்பேன், வாய் சாராயம் கேட்கத் தொடங்கிவிட்டது.