அஞ்சலை அக்காவின் வலது பக்கம்

எண்பதுகளின் பிற்பகுதி. ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் தேயிலைத் தோட்டத்து கிளினிக்கில் வரிசையைத் தாண்டி உள்ளே வந்து கதவைச் சாத்தினார் அஞ்சலை அக்கா. கொழுந்து வெட்டுகிறவர், ஐம்பதை நெருங்கிய விதவை. ஐந்து வருடங்களுக்கு முன் புற்றுநோய் வந்து, கோலாலம்பூரில் இடது மார்பை எடுத்திருந்தார்கள். இடது கையைச் சரியாகத் தூக்க வராது. அப்படியும் கத்தரியைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

"மிஸ்ஸி, இடப் பக்கத்துல இருந்தது வலப் பக்கத்துக்கு வீடு மாறிருச்சு போலலா" என்றார்.

தோட்டத்து நர்ஸான என்னை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வருட சர்வீஸ், அதற்கேற்ற தலைக்கனமும் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். பட்டாணி அளவில் ஒரு கட்டி.

"பழசுதான்க்கா பரவியிருக்கு. கே.எல். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"பரவிருச்சுன்னா போயி என்ன ஆவப்போவுது? தாப்பா மலை ரோட்டு வளைவுல வாந்தி எடுக்கறதுதான் மிச்சம். நான் வேலைக்குப் போறேன்லா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வாரம் கிளினிக் பக்கமே வரவில்லை. தானா ராத்தா டவுனிலிருந்து வாரம் ஒருமுறை வரும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். என்னைவிட வயதில் சின்னவர்.

"பழசுதான்னு யார் சொன்னா?"

"நான்தான், டாக்டர்."

"அடேயப்பா! கண்ணுலயே மைக்ரோஸ்கோப் வெச்சிருக்கீங்களா? எங்க வாங்குனீங்க, எனக்கும் ஒண்ணு வேணும்."

காது சூடாகிவிட்டது. பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். இரண்டு மார்பிலும் தனித்தனியாகவே புற்றுநோய் வரலாம். இரண்டும் ஒரே ரகமாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஒன்று பெண்களின் ஹார்மோனைத் தின்று வளரும், அதை மாத்திரையால் அடக்கலாம். இன்னொன்றுக்கு அந்த மாத்திரை வேலை செய்யாது. துண்டு எடுத்து லேப்பில் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

அன்று மத்தியானமே மலை ஏறினேன். அக்கா கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பழசுதான் பரவியிருக்குன்னு நான் சொன்னது தப்பு. எனக்குத் தெரியலைன்னு சொல்லியிருக்கணும்."

"மிஸ்ஸிக்கே தெரியலையா! இரு, கங்காணியக் கூப்புடுறேன், அவரும் கேக்கட்டும்."

சிரித்தபடிதான் சொன்னார். பிறகு கத்தரியைக் கீழே வைத்தார். "நல்ல பொடவையெல்லாம் மருமகளுங்களுக்குப் பங்கு போட்டுக் குடுத்துட்டேன் மிஸ்ஸி. இப்பப் போயி திருப்பிக் கேட்டா எவ குடுப்பா?"

"நான் கேட்டு வாங்கித் தரேன்க்கா. நீங்க மொதல்ல கே.எல். கெளம்புங்க" என்றேன்.

அவரோடு நானும் கோலாலம்பூர் போனேன். வளைவுகளில் வாந்தி எடுத்தது நான்தான். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார்.

ஆபரேஷன் முடிந்து சில வாரங்களில் ரிப்போர்ட் வந்தது. பழைய கட்டியின் துண்டை ஆஸ்பத்திரியில் மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள். அதையும் எடுத்து, புதியதோடு சேர்த்துச் சோதித்திருக்கிறார்கள். பழையது ஹார்மோனுக்கு மசியாத ரகம். புதியது மசிகிற ரகம். பரவி வந்ததல்ல, தனியாக முளைத்தது, ஆரம்ப நிலையிலேயே பிடித்தாயிற்று. தினம் ஒரு மாத்திரை போடவேண்டும் என்றார்கள்.

அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். அவரே முடித்துவைத்தார்.

"புரியுதுலா. மூத்த மருமகளுக்கு என்ன சொன்னாலும் ஏறாது. சின்னவ சொன்னாக் கேப்பா. எனக்கு இப்ப வந்திருக்கறது சின்னவ. அதானே?"

டாக்டரம்மா விளக்கியதைவிட அது தெளிவாக இருந்தது.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலும் பல வருடம் வேலை செய்தார். ஓய்வு பெற்ற பிறகும் கிளினிக்குக்கு வந்து என்னை வம்புக்கு இழுப்பார்.

இன்று இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனுஷி கதவைத் திறந்து வெளியே போவதற்குள் சொல்லிவிடுங்கள்.